ஸ்டெல்லா அக்காவும் குடும்பப் பெயர் என்ற கட்டமும்

ஷார்ஜாவில், முவைலாவில், காலையில் கம்பெனி வண்டிக்காக நின்றுகொண்டிருந்தபோது குவைத் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. "அலெக்சாண்டராக்கும் பேசுகது. எனக்க தங்கச்சி போயிட்டா பிள்ள," என்றார்.

யாரைச் சொல்கிறார் என்று எனக்கு உடனே விளங்கவில்லை. அவருக்கு உடன்பிறந்த தங்கை கிடையாது. அவருடைய குடும்ப மரத்தைக் கணினியில் ஏற்றியவள் நான், அதனால் உறுதியாகத் தெரியும். அவர் சொன்னது ஸ்டெல்லா அக்காவை. முந்தின நாள் காலை டியூட்டி முடிந்து ரூமுக்குப் போனவர் கட்டிலில் சாய்ந்தார், மீண்டும் எழவில்லை. மூளையில் ரத்தக்கசிவு என்று எழுதியிருக்கிறார்கள். வயது நாற்பத்தாறு.

வளைகுடா முழுவதும் சிதறியிருக்கும் நம் கடற்கரைக் குடும்பங்களுக்காக அக்கா நடத்திவந்த மின்னஞ்சல் குழுவில் இதை எழுதுகிறேன். உங்களில் பலர் அவரை நேரில் பார்த்ததில்லை. பழைய ஞானஸ்நானப் பதிவேட்டின் படமொன்றை அனுப்பி, "இது உங்க ஆளா?" என்று ஒரே வரியில் கேட்பவராகத்தான் அவரை உங்களுக்குத் தெரியும். நான் அவருடன் குவைத்தில், ஃபஹாஹீலில் ஒரு தனியார் மருத்துவமனையில் நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தேன். அவர் வார்டில் நர்ஸ். நான் நோயாளிகளின் கோப்புகளைப் பார்த்துக்கொள்ளும் பிரிவில் இருந்தேன். அவர் என்னிடம் பழகியதற்கு முதல் காரணம் என் மேசையில் இணைய வசதியுள்ள கணினி இருந்ததுதான். இதை அவரே சொல்லிச் சிரித்திருக்கிறார்.

அவருக்குத் தெரியவேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அவருடைய அப்பா லூர்துசாமி ஏழு வயதில் தாயுடன் வேறு கடற்கரையிலிருந்து வந்தவர். வந்த ஒரு வருடத்தில் தாய் இறந்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் வளர்த்தார்கள். தகப்பன் பெயர் சூசைமிக்கேல், கடலில் போய்விட்டார் என்பதற்குமேல் லூர்துசாமி எதுவும் சொன்னதில்லை. எந்த ஊர் என்று கேட்டால் "கெழக்க" என்று கையைக் காட்டுவாராம். தங்களுக்குச் சொந்தக்காரர்கள் யார் என்று அப்பா உயிரோடு இருக்கும்போதே கண்டுபிடித்து, அவரிடமே போய்ச் சொல்ல வேண்டும் என்பதுதான் அக்காவின் எண்ணம்.

முதலில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நம்பினார். ஒரு லீவில் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். பழைய கணக்கெடுப்பில் வீடுவீடாக எழுதிய தாள்களை வைத்திருப்பதில்லை, மொத்த எண்ணிக்கை மட்டும்தான் இருக்கிறது என்று சொல்லி அனுப்பினார்கள். திரும்பி வந்து என் மேசையருகே உட்கார்ந்து சொன்னார்: "வீட்டுக்கு வந்து பேரக் கேட்டிருக்காவ, எழுதியிருக்காவ. பிறவு எண்ணத்த மட்டும் எடுத்துவச்சிட்டு பேரத் தூரப் போட்டுட்டாவ." அவர் கோபமாக இல்லை. மருந்து தீர்ந்துவிட்டது என்று சொல்வதுபோலச் சொன்னார்.

வெளிநாட்டு வம்சாவளித் தளங்களில் ஆங்கிலேயர்களின் கணக்கெடுப்புத் தாள்கள் பெயர்களோடு கிடந்தன. நமக்கு அவற்றால் பயனில்லை என்று நான் மூடப்போனால் விடமாட்டார். இங்கிலாந்தின் ஏதோ கடற்கரையில் ஒரு மீனவர் வீடு, கணவன், மனைவி, ஆறு பிள்ளைகள். அடுத்த கணக்கெடுப்பில் அதே வீட்டில் மூன்றாவது மகன் இல்லை. அந்த மூன்றாவது மகன் எங்கே போனான் என்று இரண்டு நாள் தேடினார். கடைசியில் வேறொரு துறைமுகத்தில் கிடைத்தான், கல்யாணமாகியிருந்தது. அன்றைக்கு முழுவதும் வார்டில் உற்சாகமாக இருந்தார்.

பிறகு அப்படியொரு தளத்தில் தன் சொந்தக் குடும்ப மரத்தைத் தொடங்கினார். தளம் ஒவ்வொரு ஆளுக்கும் இரண்டு கட்டங்கள் கேட்டது: பெயர், குடும்பப் பெயர். நமக்குக் குடும்பப் பெயர் ஏது? பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயர் அந்த இடத்தில் இருப்பதால் அரபு டாக்டர்கள் அவரை "சிஸ்டர் லூர்துசாமி" என்று கூப்பிடுவார்கள். "எங்கப்பாவப் பத்து வருஷமா டியூட்டிக்குக் கூப்பிடுகானுவ," என்பார். அப்பா பெயரையே கட்டத்தில் போட்டோம். ஸ்டெல்லா லூர்துசாமி, லூர்துசாமி சூசைமிக்கேல். தளம் இருவரையும் இரண்டு வேறு குடும்பங்கள் என்று பிரித்துவைத்தது. மகளும் தகப்பனும் அதன் கணக்கில் அந்நியர்கள்.

கீழ்க்கரைப் பங்குக் கோயில்கள் சிலவற்றின் பழைய ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகளைப் படமெடுக்க அனுமதி வாங்கியிருந்தார். அப்பாவின் ஞானஸ்நானம் எதிலும் அகப்படவில்லை. சூசைமிக்கேல்கள் ஐந்து பேர் கிடைத்தார்கள். அதில் ஒருவருக்கு ஞானஸ்நானம் மட்டும் இருந்தது. திருமணமும் இல்லை, அடக்கமும் இல்லை. ஐவரில் யார் நம் ஆள் என்று பிரிக்க வழியில்லை.

அப்போதுதான் வட்டப்பெயர்களைச் சேர்க்கத் தொடங்கினார். நம் கரைகளில் ஒரே பெயரில் பத்து பேர் இருப்பார்கள், ஊர் அவர்களைப் பட்டப்பெயரால் பிரித்துவைத்திருக்கும். எந்தப் பதிவேட்டிலும் இல்லாத குடும்பப் பெயர் அதுதான் என்றார். பெரும்பாலும் அது கேலி, சில வீடுகளுக்கு அது பழி. அதனால் யாரும் தன்னுடையதைத் தானே சொல்லமாட்டார்கள். அக்கா வைத்திருந்த விதி இது: "அவனுக்க வட்டப்பேர அவன்கிட்டக் கேக்கப்பிடாது. பக்கத்துல நிக்கவன்கிட்டக் கேக்கணும்."

வெள்ளிக்கிழமைத் தமிழ்ப் பூசை முடிந்ததும் கோயில் வளாகத்தில் ஆண்கள் கூட்டமாக நிற்பார்கள். அக்கா நோட்டுப் புத்தகத்துடன் நடுவில் போய் நிற்பார். அவன் இவனுடையதைச் சொல்வான், இவன் அவனுடையதைச் சொல்வான், சிரிப்பாக இருக்கும். "சிஸ்டர், எனக்க பேர மட்டும் எழுதாதீங்க, மத்தவனுக்க எல்லாத்தையும் நான் சொல்லுதேன்," என்பார்கள். அந்தக் குடும்பங்களையும் எங்கள் மரத்தில் ஏற்றி, அப்படிச் சேர்த்தவற்றை இறந்துபோன பெரியவர்களின் பெயருக்கு நேரே, குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் போட்டோம். தளம் குடும்பங்களைச் சரியாகச் சேர்க்கத் தொடங்கியது. எங்களுக்கு அது பெரிய கண்டுபிடிப்பாகத் தெரிந்தது. வளாகத்தில் சிரித்துச் சொல்வதும் உலகமே பார்க்கும் இடத்தில் எழுதிவைப்பதும் ஒன்றல்ல என்று எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. தட்டச்சு செய்தவள் நான். தவறில் எனக்கும் பங்குண்டு.

ஒருநாள் மத்தியானம் அலெக்சாண்டர் என் கவுண்டருக்கு வந்தார். எண்ணெய்க் கம்பெனி ஒன்றில் வெல்டிங் ஃபோர்மேன், ஐம்பது தாண்டியவர், கோயிலில் பாட்டுக்குழுவில் நிற்பவர். அவர் மகளுக்கு மஸ்கட்டில் வேலைபார்க்கும் பையனைப் பேசியிருந்தார்கள். பையன் பெண் வீட்டாரைப் பற்றி இணையத்தில் தேடியிருக்கிறான். அலெக்சாண்டரின் தாத்தா மரியதாசனின் பெயர் எங்கள் மரத்தில் கிடைத்திருக்கிறது. அதன் அருகே, குடும்பப் பெயர்: வலைவெட்டி.

அடுத்தவனின் வலையை வெட்டியவன் என்பதைவிடக் கடற்கரையில் பெரிய பழி இல்லை. பையனின் அப்பா பேச்சை நிறுத்திவைத்துவிட்டார். இதையெல்லாம் அலெக்சாண்டர் குரலை உயர்த்தாமல் சொன்னார். அக்கா வார்டிலிருந்து வந்ததும் அலெக்சாண்டர் அவரைப் பார்த்துச் சொன்னார்: "மூணு தலமொறையா அந்தப் பேரு கேக்காத எடம் தேடி இங்க வந்து கெடக்கேன். இங்கயும் எழுதிவச்சிட்டியளே, சிஸ்டர்."

அக்கா அன்றைக்கே அழித்திருக்கலாம். இரண்டு நாள் பொறுங்கள் என்றார். பதிவில் உள்ளதை யாருடைய சௌகரியத்துக்காகவும் மாற்றுவதில்லை என்பது அவர் பிடிவாதம். ஒன்றை அழித்தால் நாளை எல்லோரும் வருவார்கள் என்று என்னிடம் சொன்னார். ஒரு பெண்ணின் கல்யாணத்தைவிட இந்தக் கட்டம் பெரிதா என்று நான் கேட்டேன். அவர் வார்டுக்குத் திரும்பிவிட்டார். அலெக்சாண்டர் அடுத்த வெள்ளிக்கிழமை எங்களைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்த வெள்ளிக்கிழமை மாலை டெலிபோன் கார்டு போட்டு அப்பாவிடம் பேசினார் அக்கா. நான் அருகில் இருந்தேன். சும்மா ஊர்க்கதை சொல்வதுபோல இந்தச் சண்டையையும் சொன்னார். வலைவெட்டி என்ற சொல் வந்ததும் அந்தப் பக்கம் பேச்சு நின்றது. லைன் போய்விட்டது என்று நினைத்து இரண்டு முறை ஹலோ சொன்னார். பிறகு லூர்துசாமி கேட்டாராம், அந்த ஆளின் தாத்தா பெயர் என்ன என்று. மரியதாசன் என்றார் அக்கா. "எனக்க பெரியப்பா," என்றார் லூர்துசாமி.

பிறகு வந்தவற்றை அக்கா போனை வைத்தபின் எனக்குச் சொன்னார். கரையிலிருந்து இழுக்கும் கரைமடி வலைத் தகராறில் இன்னொருவரின் வலையை வெட்டியது மரியதாசன் அல்ல. அவருடைய தம்பி சூசைமிக்கேல். ஊர் அவரை விலக்கியது. மனைவியையும் மகனையும் மேற்கே, தெரிந்தவர் யாருமில்லாத கரைக்கு அனுப்பிவிட்டு எங்கோ தனியாகத் தொழிலுக்குப் போனவர் கடலிலேயே போய்விட்டார். பதிவேட்டில் ஞானஸ்நானம் மட்டும் இருந்த சூசைமிக்கேல் அவர்தான். அண்ணன் ஊரிலேயே இருந்தார். இருந்ததால் பெயர் அவர் வீட்டின்மேல் விழுந்தது. ஏழு வயதில் மற்றப் பிள்ளைகள் அந்தப் பெயரைச் சொல்லித் துரத்தியது லூர்துசாமிக்கு நினைவிருந்தது. தன் வட்டப்பெயரைத் தானே சொல்லக்கூடாது என்ற வழக்கத்தை அவர் அறுபது வருடம் காப்பாற்றிவிட்டார்.

அக்கா தேடியது கிடைத்துவிட்டது. அவர் மகிழ்ந்ததாக எனக்குத் தெரியவில்லை. பதிவேட்டுப் படத்தைத் திறந்து, ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்த மரியதாசன், சூசைமிக்கேல் இருவரின் பதிவுகளையும் மூன்று முறை சரிபார்த்தார். நோயாளிக்கு ரத்தம் ஏற்றுவதற்குமுன் பையில் உள்ள எண்ணைச் சரிபார்ப்பவர் அவர். இதையும் அப்படித்தான் செய்தார்.

அலெக்சாண்டரைத் தேடி அவர் தங்கியிருந்த கம்பெனி கேம்புக்கே போனோம். வாசலில் நின்றபடியே அக்கா எல்லாவற்றையும் சொன்னார்.

"அப்போ வெட்டினது உங்க ஆளாக்கும்," என்றார் அலெக்சாண்டர்.

"ஆமாண்ணே. எங்க ஆளுதான்."

"சுமந்தது நாங்களாக்கும்."

"ஆமா."

அவர் உள்ளே போய்விட்டார். அக்கா என் கணினியில் உட்கார்ந்து, மரியதாசனுக்கு நேரே இருந்ததை அழித்தார். அலெக்சாண்டரின் வீட்டார் அனைவருக்கும் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டார். வலைவெட்டி என்பதைத் தன் தாத்தா சூசைமிக்கேலின் பெயருக்கு நேரே எழுதினார். மஸ்கட்டிலிருந்த பையனின் அப்பாவுக்குத் தன் கையால் கடிதம் எழுதி, பழி எந்த வீட்டுடையது என்று விளக்கினார். கல்யாணம் நடந்தது. பெண்ணுக்கு அத்தை என்ற முறையில் அக்கா அந்த வருட லீவைப் போட்டுப் போய்வந்தார். லூர்துசாமியும் போயிருந்தார், சாப்பாட்டுப் பந்தியில் யாரோடும் பேசவில்லை என்று கேள்வி. சொந்தக்காரர்கள் கிடைத்தது அவருக்கு மகிழ்ச்சிதானா என்று ஒருமுறை கேட்டேன். "தேடினது நான்தானே, அவரில்லியே," என்றார் அக்கா.

அந்த ஆண்டுக் கடைசியில் நான் குவைத்தை விட்டு ஷார்ஜாவுக்கு வந்தேன். தளத்தின் கடவுச்சொல் எங்கள் இருவருக்கும் தெரியும்.

அலெக்சாண்டர் இறப்புச் செய்தி சொன்ன அன்றே இரண்டாவது முறையும் அழைத்தார். உடலை ஊருக்கு அனுப்பும் வேலைகளை அவர்தான் செய்துகொண்டிருந்தார். உறவு என்ன என்று கேட்ட இடத்தில் அண்ணன் என்று எழுதியிருக்கிறார். அவருடைய அடையாள அட்டையில் குடும்பப் பெயர் அவர் அப்பாவின் பெயர், அக்காவினுடையதில் லூர்துசாமி. பெயர் சேரவில்லை, எப்படி அண்ணன் என்று கேட்டிருக்கிறார்கள். "அந்த மரத்தப் பிரிண்ட் எடுத்து ஃபேக்ஸ் போடு பிள்ள. நாங்க ஒரே குடும்பம்னு அதுல இருக்கும்லா," என்றார்.

இப்படிப்பட்ட காகிதங்கள் எந்த அலுவலகத்திலும் செல்லாது, ஊரிலிருந்து அக்காவின் அப்பாவுடைய கடிதம்தான் வேண்டும் என்று எனக்குத் தெரியும். அவரிடமும் சொன்னேன். அது வருகிறது, இதுவும் இருக்கட்டும் என்றார்.

மரத்தைத் திறந்தேன். அக்காவின் பெயருக்கு நேரே லூர்துசாமி என்று இருந்த இடத்தில் வலைவெட்டி என்று இருந்தது. எப்போது மாற்றினார் என்று தெரியவில்லை. அந்தத் தளம் உயிரோடு இருப்பவர்களின் விவரங்களை வெளியே காட்டாது. அதனால் அவர் இருக்கும்வரை அது யார் கண்ணிலும் பட்டிருக்காது. இறந்த தேதியை நான் நிரப்பினேன். அவர் பெயர் எல்லோருக்கும் தெரியும்படி திறந்துகொண்டது. மேலே, லூர்துசாமியின் பெட்டியில் இன்னும் தேதி இல்லை.

அலெக்சாண்டரின் பெட்டியில் குடும்பப் பெயர் காலியாக இருந்தது. தளம் அவரை வேறு குடும்பமாகவே காட்டியது. அவரிடம் சொன்னேன். "எனக்க பேருக்கு நேரயும் அதப் போட்டு அனுப்பு," என்றார்.

பிரிண்டில் மட்டும்தான் தெரியும், நீங்கள் இருக்கும்வரை வெளியே யாருக்கும் காட்டாது, ஆனால் அப்புறம் எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்று விளக்கினேன்.

"தெரியும்போ தெரியட்டும்," என்றார்.

போட்டேன். தளம் இருவரையும் ஒரே வீட்டில் சேர்த்தது. ஃபேக்ஸ் போய்ச் சேர்ந்தது என்று அவர் சொன்னார், யாரும் அதைக் கேட்டு வாங்கவில்லை என்றும் சொன்னார்.

என்னிடம் இருப்பது அக்காவின் கடவுச்சொல்லும், வெள்ளிக்கிழமைகளில் அவர் எழுதிய நோட்டுப் புத்தகத்தின் நகலும்தான். இன்றைய வேலையிலும் தினமும் படிவங்கள் என் கையில் வருகின்றன. குடும்பப் பெயர் என்ற கட்டத்துக்கு வந்ததும் நம் ஆட்கள் பேனாவை நிறுத்துவார்கள். முன்பெல்லாம் அப்பா பெயரைப் போடுங்கள் என்று நான் அவசரப்படுத்துவேன். இப்போது அவர்களே எழுதும்வரை காத்திருக்கிறேன்.