சாலைக்கு முதுகு காட்டிய வீடுகள்

இரண்டாவது உலக யுத்தம் தொடங்குவதற்கு முன்பு, திண்டிவனத்திலிருந்து மயிலம் போகிற சாலையோரம் எங்கள் சேரி ஜனங்களுக்கு சர்க்கார் ஓட்டு வீடு கட்டியது. அதுவரை ஏரிக்கரைக் குடிசைகளில் இருந்தோம். மழை வந்தால் அடுப்புக்குள் தண்ணீர் நிற்கும்.

என் வீட்டுக்காரர் அங்கேயே செங்கல் சுமந்தார். ஒருநாள் மத்தியானம் அவருக்குக் கேப்பைக் கூழ் எடுத்துப்போன நான் சாலையிலேயே நின்றுவிட்டேன். வரிசையாகச் சுவர்தான் இருந்தது. ஒரு கதவு இல்லை, ஜன்னல் இல்லை.

"வாசப்படி எங்கயா?"

"பின்னால, கொல்லையப் பாத்துக்கினு இருக்குது. மெட்ராஸ்ல போட்ட பிளானாம்."

எனக்கு உறுத்தியது. மயிலம் கோயில் திருவிழாவுக்குப் போகிற பெரிய மனிதர்கள் கண்ணில் நாங்கள் படக்கூடாது என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். இன்ஜினியரிடமே கேட்கப்போவதாக அவரிடம் சொன்னேன்.

"கம்முனு இரும்மே. நீ பேசி வீடு போச்சுன்னா?" என்றார் அவர். அவர் பயமும் நியாயந்தான்.

ஆனாலும் இன்ஜினியர் வந்த அன்று கேட்டுவிட்டேன். சின்ன வயசுக்காரர். "ரோட்டுத் தூசி உள்ள வரக்கூடாதும்மா, அதான்" என்றார்.

"ஊருக்குள்ளயும் தூசி பறக்குது. அங்க வாசல் தெருவப் பாத்துத்தானே இருக்குதுங்க ஐயா?"

அவர் கையிலிருந்த பிளானைச் சற்று நேரம் பார்த்தார். "இது நான் போட்டதில்ல. மேல கேக்கறேன்."

அதன்பின் கொஞ்ச நாள் வேலை நின்றது. "உன் வாயாலதான்டி" என்று பெண்கள் என்னைக் கரித்துக் கொட்டினார்கள். பிறகு ஆட்கள் வந்து வீட்டுக்கொரு ஜன்னல் வைத்தார்கள், சாலைப் பக்கமே. ஆனால் தலைக்கு மேல். வெளிச்சம் வந்தது, சாலை தெரியவில்லை.

குடிபோன பிறகு வந்த பங்குனி உத்திரத்தன்று உரல்மேல் ஏறி எட்டிப் பார்த்தேன். வண்டியில் போன ஒரு அம்மாள் என் முகத்தைக் கண்டதும் தன் குழந்தையின் தலையை மறுபக்கம் திருப்பினாள். இறங்கி வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். மறுநாள் காலையில் அவர் கடப்பாரையை எடுத்து ஜன்னலுக்குக் கீழே இடுப்புயரம் வரை சுவரை இடித்தார். ஓவர்சியர் வந்து கத்திவிட்டுப் போனார். அதையும் மீறி, ஒவ்வொருவராக மற்றவர்களும் இடித்தார்கள்.

அந்த இன்ஜினியர் ஜன்னலை அவ்வளவு உயரத்தில் வைத்தது தன்னால் முடிந்தது அவ்வளவுதான் என்றா, என் வாயை அடைக்கவா? நல்ல மனிதர்தான் என்பார் என் வீட்டுக்காரர். எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை.