பின்ரூமுக்கு சிக்னல்

நம்பாதவங்க இப்பவே எழுந்து போயிடலாம், நான் கோவிச்சுக்க மாட்டேன். ஆனா மணிபாரதி புளுகினான்னு மட்டும் எவனும் சொல்லாதீங்க. ஏழு வருஷமா வில்லியனூர் சுத்துவட்டாரத்துல வூடு வூடா வை-ஃபை மாட்டுறவன். பேயாவது பிசாசாவதுன்னு கெக்கெக்கேன்னு சிரிக்கிற ஆளு. போன நவம்பர் ரெண்டாம் தேதியோட அந்தச் சிரிப்பு போச்சு.

பக்கத்து ஊரு உறுவையாறுல மரிய செலின் அம்மா வூடு. வயசு அறுபத்தஞ்சு, தன்னந்தனி. ஒரே புள்ள லியோ பிரகாஷ் பிரான்சுல இருக்கான். தினம் சாயங்காலம் ஆறு மணிக்கு வீடியோ கால்ல வருவான். நாள் பூரா அந்தம்மாவுக்கு இருக்கிற பேச்சுத்துணை அது ஒண்ணுதான். அதுவும் ஹாலைத் தாண்டினா அறுந்துடும். சோறு வடிச்சுக்கிட்டே புள்ளகிட்ட பேசணும்னு அவங்களுக்கு ஆசை. அதனாலதான் சமையல்கட்டுப் பக்கம் ஒரு ஆக்சஸ் பாயின்ட் மாட்டச் சொன்னாங்க. ரவுட்டர்லேர்ந்து ஒயர் இழுத்து மாட்டிட்டா, அந்த வெள்ளைப் பொட்டி சிக்னலை உள்ள வரைக்கும் கொண்டுபோவும்.

அன்னிக்குக் கல்லறைத் திருநாள். சரியா 4.10 மணி. "நீ வேலையப் பாருப்பா, மெழுகுவத்தி ஏத்திட்டு வந்துடறேன்"னு அந்தம்மா கல்லறைக்குக் கிளம்பிட்டாங்க.

மணிபாரதி எப்பவும் துளை போடுறதுக்கு முன்னாடி பொட்டியைக் கையில தூக்கிப் புடிச்சுக்கிட்டு நிப்பான். கூட்டாளி கதிரவன் உள் ரூம்ல போனைப் பார்த்து "வருது", "வரல"ன்னு குரல் குடுப்பான். அன்னிக்குக் கதிரவன் லீவு. அது மறந்துபோயி, பழக்க தோஷத்துல சமையல்கட்டு வாசல்ல நின்னு இவன் கத்திட்டான்.

"வருதா?"

"வரல..."

சமையல்கட்டை ஒட்டின பின்ரூம் திரைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பெரியவர் குரல். மணி 4.32. அப்பாடா, அந்தம்மாவைத் தவிர வூட்ல இன்னோரு ஆள் இருக்குன்னு இவனுக்கு சந்தோஷம் வேற! ரெண்டடி நகர்ந்தான்.

"இப்ப?"

"முகம் நின்னு போவுதுப்பா... இன்னும் கிட்ட வா."

கட்டில் கிறீச்சுன்னுச்சு. இவன் நகர்ந்தான். "இன்னும்..." மறுபடி நகர்ந்தான். 4.41. அந்தக் குரல்ல அவ்ளோ ஏக்கம். அந்தம்மா சொன்ன இடத்தை விட்டுட்டு, பின்ரூம் நிலைக்கு மேலயே ஏணி போட்டு மாட்டிட்டான்.

பச்சை விளக்கு எரிஞ்சுச்சு. 4.58.

"பெரியவரே, வருதா?"

இவன் ஏணியிலேர்ந்து எறங்கினான்.

"பெரியவரே...?"

"வந்துட்டான்... புள்ள வந்துட்டான்..."

தேம்பித் தேம்பி அழுகை. இவன் சிரிச்சுக்கிட்டே திரையை விலக்கினான்.

கதவு பூட்டியிருந்துச்சு.

வெளிப்பக்கம். துரு ஏறின பூட்டு.

உள்ள அழுகை நிக்கல...

5.25-க்கு அந்தம்மா திரும்பறப்ப இவன் தெருவுல பைக்கைப் புடிச்சுக்கிட்டு நின்னிருந்தான். விஷயத்தைக் கேட்டதும் அந்தம்மா சாவி எடுத்து வந்து அந்த ரூமைத் திறந்தாங்க. கட்டிலே இல்ல. தரை முழுக்கத் தூசு, அதுல ஒரு கால்தடம் கூட இல்ல.

"எங்க வூட்டுக்காரரு மரியசுந்தரம். போயி ரெண்டு வருஷம் ஆவுது. இந்த ரூம்லதான் கெடந்தாரு. புள்ளைக்கு லீவு கெடைக்கல. கடைசியா புள்ள மூஞ்சியக் காட்டலாம்னு போனைப் புடிச்சேன். படம் நின்னு நின்னு போச்சு. புள்ளையப் பாக்காமலே கண்ண மூடினாரு."

அந்தம்மா இவன் கையை இறுக்கிப் புடிச்சாங்க.

"பக்கவாதத்துல பேச்சு போனவருப்பா. கடைசி எட்டு மாசம் ஒரு வார்த்தை வரல. அந்தக் குரலு எனக்கே மறந்து போச்சு. எப்டி இருந்துச்சு, சொல்லேன்?"

இவன் வாயத் தொறக்குறதுக்குள்ள அந்தம்மா வெறுந்தரையில உக்காந்து, கட்டில் இருந்த எடத்தைப் பார்த்து வாய்விட்டு அழுதாங்க.

"ரெண்டு வருஷமா ஒண்டியா கெடக்கறேன். ராவெல்லாம் கூப்பிடறேன். யாரோ எவரோ பெத்த இந்தப் புள்ளகிட்ட பேசினீங்களே... எங்கிட்ட ஒரு வார்த்தை பேசக் கூடாதா?"