சப்பாத்துக் காணாத எட்டுக் குட்டிகள்

எட்டும் பிறந்தது எங்கள் சாப்பாட்டறையில். மேசையைத் தூக்கி வெளியே போட்டுவிட்டு, அந்த இடத்தில் பலகை அடித்து, தாய் நாயைப் படுக்கவைத்திருந்தோம். அவள் எங்கள் நாயல்ல. பார்வை இல்லாதவர்களுக்கு வழிகாட்டி நாய்களைப் பழக்கிக் கொடுக்கும் ஒரு சின்னச் சங்கத்தின் நாய். சண்டை முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. குட்டி போட ஒரு வீடு வேண்டும் என்று அவர்கள் கேட்டபோது நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை, எங்கள் வீடு இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்கும் ஒழுங்கையில், இரண்டே படுக்கையறை உள்ள வீடு. என் கணவர் அன்று முழுக்க என்னோடு கதைக்கவில்லை.

குட்டிகள் கண் திறந்ததும் கதைக்கத் தொடங்கினார். என்னோடு அல்ல, குட்டிகளோடு. பெயர் வைக்கக் கூடாது என்பது சங்கத்தின் கட்டளை, அதனால் கழுத்தில் ஆளுக்கொரு நிற ரிப்பன். பச்சை ரிப்பன்காரனுக்கு மட்டும் இவர் பால் கொஞ்சம் கூடுதலாக ஊற்றுவார். பச்சையான ஓரவஞ்சனை. நீலத்தை நான் கவனித்துக்கொண்டேன்.

குட்டிகளுக்கு ஏழு கிழமை வயதாகும்போது, எவை வழிகாட்டப் பழக்கத் தோதானவை என்று பார்க்க ஒரு சோதனை வரும். அதற்குள் குட்டிகளுக்கு எல்லாச் சத்தமும் எல்லாத் தரையும் பழக வேண்டும். சத்தத்துக்கு நாங்கள் எங்கே போவது? ரயில் போனால் எங்கள் யன்னல் ஆடும். கோயில் மணி, மீன்காரன், பிரஷர் குக்கர். போதாததற்கு இவர் தினமும் காலையில் ஒரு அடுக்கு எவர்சில்வர் தட்டை வேண்டுமென்றே கீழே போடுவார். குட்டிகள் கொட்டாவி விட்டுவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுக்கும். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. கொழும்பிலேயே இப்படிக் குட்டி வளர்த்தவர் இல்லை என்று கண்டவரிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

ஐந்தாம் கிழமையில் கொட்டாஞ்சேனையிலிருந்து குட்டிகளைப் பார்க்க ஒரு பெண் வந்தாள். ஒரு அலுவலகத்தில் தொலைபேசி இணைப்புக் கொடுக்கும் வேலை. பிறவியிலேயே பார்வை இல்லை. சங்கத்தில் நாய்க்குப் பதிந்து நாலு வருடம் காத்திருக்கிறாள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தாள். அவ்வளவுதான், எட்டும் அவள் மேல். மஞ்சள் ரிப்பன் அவள் பின்னலைப் பிடித்துத் தொங்கியது. அவள் சிரித்த சிரிப்பில் நானும் சிரித்து, இவரும் சிரித்து, தேத்தண்ணி ஆறிப்போயிற்று.

போகும்போதுதான் சொன்னாள்.

"அக்கா, ரெண்டு தரம் எனக்கெண்டு பார்த்த நாய் சரிவரேல்ல. இந்த முறையும் இல்லையெண்டா நான் இனிக் கேக்கமாட்டன்."

அன்றிலிருந்து எனக்கு இந்தச் சோதனை விளையாட்டில்லை.

சோதகர் வந்தார். வாட்டசாட்டமான சிங்கள மனிதர், காலில் தடித்த பூட்ஸ். எங்கள் வாசலில் நின்றவர் அதைக் கழற்றவில்லை. மன்னிப்புக் கேட்கும் குரலில், இன்றைக்கு இதோடுதான் உள்ளே வர வேண்டும், அதுவும் சோதனையில் ஒரு பகுதி என்று சிங்களத்தில் சொன்னார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு வழிவிட்டேன். அந்தப் பூட்ஸ் எங்கள் தரையில் டக், டக், டக் என்று மூன்று அடி வைத்தது.

எட்டுக் குட்டியும் அலுமாரிக்குக் கீழே.

ரயிலுக்குப் பயப்படாத வீரர்கள்! பச்சை இருந்த இடத்திலேயே மூத்திரம் பெய்துவிட்டான். எனக்கு அப்போதுதான் உறைத்தது. இந்த வீட்டுக்குள் சப்பாத்துக் காலோடு ஒருவரும் நடந்ததே இல்லை. யார் வந்தாலும், சங்கத்து ஆட்கள் உட்பட, படியில் கழற்றிவிட்டுத்தான் வருவார்கள். மறந்து வந்தவரை நான் விட்டதில்லை. குட்டிகளுக்கு மனிதரென்றால் வெறுங்கால். றோட்டில் போகிறவர்கள் எல்லாரும் பூதம்.

சோதகர் தாளில் எதையோ எழுதினார். பத்து நாள் தருவதாகச் சொன்னார். அதற்குப் பிறகும் இப்படியென்றால் ஒன்றையும் எடுக்க முடியாது.

அந்தப் பத்து நாளை நினைத்தால் இப்போதும் வயிறு வலிக்கச் சிரிப்பேன். சாமியறைக் கதவைச் சாத்தி, பத்து நாள் பொறுத்துக்கொள்ளும் என்று முருகனிடம் சொன்னேன். இவர் இடுப்பில் சாரத்தோடு ஒஃபிஸ் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு மிடுக்காக நடந்தார். நான் கலியாண வீட்டுக்கு வாங்கிய குதி உயர்ந்த செருப்போடு சமைத்தேன். பேட்டையில் சப்பாத்துக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணர் ஒருவர் எங்கள் மேல் மாடியில் இருந்தார். விஷயம் கேள்விப்பட்டு, விற்காமல் கிடந்த சாமான் ஒரு சாக்கு நிறையக் கொண்டுவந்து வாசலில் வைத்தார். மழைப் பூட்ஸ், பந்தடிக்கும் சப்பாத்து, பள்ளிக்கூடச் சப்பாத்து.

"திருப்பித் தரத் தேவல்ல தங்கச்சி. நாய் வாய் வெச்சது எனக்குச் சரிவராது" என்றார்.

வாய் வைக்கவா? மூன்று நாளில் அரைவாசியைத் தின்றே விட்டார்கள். வீட்டுக்கு வந்தவர்கள் வழக்கம்போல் படியில் குனிய, நான் ஓடிப்போய்த் தடுத்து, போட்டுக்கொண்டு வாருங்கள் என்று கெஞ்சினேன். எனக்கு மண்டை தட்டிவிட்டது என்ற செய்தி பாமன்கடை வரை போய்ச் சேர்ந்தது. நான் சட்டை செய்யவில்லை.

பத்தாம் நாள் பூட்ஸ் மறுபடி வந்தது. டக், டக். குட்டிகள் தலையைத் தூக்கின. நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முதலில் மஞ்சள் எழும்பி, நேரே போய், மூக்கை வைத்து மணந்து பார்த்து, பூட்ஸின் மேல் குந்திக்கொண்டது. பிறகு மற்றவை. சோதகர் நடக்க முடியாமல் நின்றார். ஏழு தேறின. பூட்ஸ் நாடாவைக் கடித்துக்கொண்டு விடவே மாட்டேன் என்ற பச்சை மட்டும் தேறவில்லை. அவன் எங்களோடு நின்றதில் இவருக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

மஞ்சளைக் கொண்டுபோன வாகனம் ஒழுங்கை திரும்பும்வரை நின்று அழுதேன். வெட்கமில்லாமல் அழுதேன்.

இரண்டு வருடம் கழித்து ஒரு அலுவலாகக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். காலை நேரம், நடைபாதை நிறையச் சனம். எதிரே அந்தத் தொலைபேசி வேலைப் பெண் வந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் வார்ப்பட்டை பூட்டிய எங்கள் மஞ்சள், என் தொடையளவு உயரம். ரிப்பன் இல்லாவிட்டால் என்ன, அந்த நெற்றியை எனக்குத் தெரியாதா. வேலையில் இருக்கும் நாயைக் கூப்பிடக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சொன்னவள் நான். வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றேன். ஒரு வண்டிலைச் சுற்றி, உடைந்து கிடந்த கழிவுநீர்க் கானை விலத்தி, இருவரும் என்னைக் கடந்தார்கள். மஞ்சள் என் பக்கம் பார்க்கவேயில்லை. ஆனாலும் அவளிடமாவது ஒரு வார்த்தை கதைப்போம் என்று திரும்பிப் பின்னால் நடந்தேன், பிறகு சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன். சந்திவரை ஓடியும், மஞ்சளோடு விறுவிறுவென்று நடந்த அவளை எட்டிப் பிடிக்க என்னால் முடியவில்லை.