கண்டல் காட்டுக்குள் போகாதவர்கள்

தனுசியாவுக்கு ஊரில் வைத்த பட்டப்பெயர் விதானையம்மா. விதானை என்றால் கிராம அலுவலர்; அவளுக்கு அப்படி அரசாங்கம் கொடுத்த பதவி ஒன்றுமில்லை. யார் வீட்டுக்கு என்ன கடிதம் வந்தாலும் வாசித்து, என்ன பதில் சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பது அவள்தான். வல்வெட்டித்துறையிலிருந்து பஸ்ஸில் கொஞ்ச நேரம் போனால், கடல்நீரேரியைப் பார்த்தபடி இருபத்தைந்து வீடுகள் இருக்கின்றன. அந்த இருபத்தைந்து வீட்டுக்கும் வாய் அவளுடையது. அந்த வாயே ஊரைக் கெடுத்தது என்று நான் சொன்னால் அவள் மறுக்கமாட்டாள்.

வீடுகளுக்கு முன்னால், உப்புத்தண்ணீரில் வேர்விட்டு நிற்கும் கண்டல் காடு. அதன் நடுவே ஒரு வாய்க்கால் ஓடுகிறது. விடிந்ததும் பன்னிரண்டு பெண்கள் அதற்குள் இறங்குவார்கள். இடுப்பளவு தண்ணீரில் குந்தி, சேற்றைக் கையால் தடவித் தடவி றால் பிடிப்பார்கள். வலை இல்லை, வள்ளம் இல்லை. பனையோலையில் பின்னிய பறியைப் பல்லால் கடித்துப் பிடித்திருப்பதால் அந்த நேரம் மட்டும் தனுசியா பேசமாட்டாள். அவளுடைய கணவன் சுரேஸ் மேசன் வேலைக்குப் போவான், முதுகு நோகாத நாட்களில். முதுகு நோகும் நாட்களில் வீட்டு உலையும் பிள்ளைகளின் ரியூசனும் வாய்க்காலில்தான் தங்கியிருந்தன.

காட்டை அந்தப் பெண்கள் பார்த்துக்கொண்ட மாதிரி வேறு யாரும் பார்த்துக்கொண்டிருக்கமாட்டார்கள். பச்சை மரத்தில் கத்தி வைப்பதில்லை. பட்ட கொப்பு மட்டும்தான் அடுப்புக்கு. மாரி மழையோடு குஞ்சு றால் ஏறும் இரண்டு மாதமும் ஒருத்தியும் வாய்க்காலில் கால் வைக்கமாட்டாள், வீட்டில் வெறுஞ்சோறு தின்றாலும். புயலில் முறிந்துபோன இடத்தில் கண்டல் காய்களைப் பொறுக்கிக் குத்திவைத்தார்கள்; அது இப்போது ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்துவிட்டது. வேலிக்கென்று இரண்டு பச்சைத் தடி வெட்டிய பஞ்சலிங்கத்தை ஒருநாள் தனுசியா பிடித்து ஏசினாள். மனிதர் இன்னும் அவளுடைய ஒழுங்கைக்குள் வராமல் சுற்றுவழியால்தான் கடைக்குப் போகிறார்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு சுற்றாடல் திட்டத்துக்காக வித்தியா என்ற பெண் காட்டுக்குள் போகிறவர்களின் பெயரைப் பதிந்து கணக்கெடுக்க வரப்போவதாகக் கடிதம் வந்தது. காட்டையும் காப்பாற்றுவார்களாம், காட்டை நம்பியிருக்கும் சனத்துக்கும் கைகொடுப்பார்களாம். நல்ல கடிதம். ஆனால் எங்கள் சனத்திடம் பதிவு என்று ஒரு சொல்லைச் சொல்லிப் பாருங்கள், முகம் அப்படியே இறுகிவிடும். இடம்பெயர்ந்து போனபோது பதிவு, முகாமில் பதிவு, திரும்பி வந்தபோது குடும்பத்தோடு நிற்கவைத்துப் படம் எடுத்துப் பதிவு. பெயர் கொடுத்து நன்மை கண்டவர் யாரும் இல்லை. கொடுத்துவிட்டு வீட்டுக்கு வராமல் போனவர்கள் உண்டு. தனுசியாவின் மூத்த அண்ணை அதில் ஒருவன்.

அதனால் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு வீடு வீடாகப் போனாள். "ஆர் கேட்டாலும் நாங்கள் அந்தப் பக்கம் போறேல்லை எண்டு சொல்லுங்கோ. போறம் எண்டால் நாளைக்கு வழக்குப் போடுவாங்கள்."

வித்தியா பாவம், மரியாதையான பிள்ளை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் போனாள். லூர்த்தம்மா வீட்டுக் குசினியில் சட்டி நிறைய றால் கிடந்தது.

"இது எங்கை பிடிச்சது அன்ரி?"

"பிடிக்கேல்லைப் பிள்ளை. மருதனார்மடம் சந்தையிலை வாங்கினது."

காலடியில் கடல்நீரேரி கிடக்க, மரக்கறிச் சந்தைக்குப் பஸ் ஏறிப்போய் றால் வாங்கும் ஊர் உலகத்திலேயே அது ஒன்றுதான். வித்தியா அதையும் எழுதினாள். காட்டுக்குள் போவதில்லை என்று எழுதிய தாளில் கையெழுத்து வைக்க மற்றவர்கள் தயங்க, தனுசியா முதலாவதாக வைத்தாள். பெண்கள் அந்தச் சந்தைக் கதையை ஒரு கிழமை சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

இந்தத் தை மாதம் அறிவித்தல் ஒட்டினார்கள். காடு நல்ல நிலையில் இருக்கிறது, அதைப் பயன்படுத்தும் குடும்பம் ஒன்றும் இல்லை, ஆகவே முழுக் காடும் வேலியடைத்துப் பாதுகாக்கப்படும், உள்ளே போவது குற்றம். கைகொடுக்க ஆள் இல்லாதபடியால் கைகொடுக்கும் பகுதி வேறு ஊருக்குப் போய்விட்டது. வேலிக் கட்டைகள் வந்து இறங்கின. மாசி முடிய வேலி என்றார்கள்.

தனுசியா நல்லூரில் இருந்த திட்டக் கந்தோருக்குப் போனாள். அங்கே பொறுப்பாக இருந்த தேவராஜா நரைத்த தலையும் அமைதியான கதையும் உள்ள மனிதர். அவளை இருத்திவிட்டுக் கோப்பை எடுத்து விரித்தார்.

"இது உங்கடை கையெழுத்துத்தானே தங்கச்சி?"

"ஓம் சேர். பொய் சொன்னனாங்கள். நாங்கள் பன்னிரண்டு பேரும் அதுக்குள்ளைதான் சீவிக்கிறம். ஊருக்குச் சொல்லிக்குடுத்ததும் நான்தான்."

அவர் பேனையை எடுத்தார். எழுதத் தொடங்கினால் ஏதாவது நடக்கும் என்று அவள் பேனை முனையையே பார்த்தாள். ஆனால் அவர் எழுதவில்லை.

"அறிவித்தல் ஒட்டினாப் பிறகும் போனனீங்களோ?"

"நேற்றும் போனனாங்கள்."

"அப்ப நான் எழுதினால் இது முறைப்பாடு இல்லை. பன்னிரண்டு பேரும் குற்றத்தை ஒத்துக்கொண்டது மாதிரி. பேரோடை மேலை அனுப்பவேணும். அதைப் பார்த்து வேலியை நிப்பாட்டுவினமோ, வழக்குப் போடுவினமோ எனக்குத் தெரியாது. பெரும்பாலும் வழக்குத்தான். எழுதட்டோ?"

அந்த மனிதரில் கோபப்பட வழியில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் கொடுமையாக இருந்தது. பன்னிரண்டு பெயர். லூர்த்தம்மா போலீஸ் உடுப்பைத் தூரத்தில் கண்டாலே வீட்டுக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொள்பவள். அண்ணையின் பெயரைத் தாங்களே கொண்டுபோய்க் கொடுத்த நாள் தனுசியாவின் கண்ணுக்குள் வந்து நின்றது.

"எழுதாதேங்கோ சேர்."

அவர் கோப்பை மூடினார். தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தவளுக்குச் செத்துப்போகலாம் போலிருந்தது.

ஊர் வந்து சேர மத்தியானம். பதினொரு பேரும் கரையில் இருந்தார்கள், காலையில் பிடித்ததைப் பங்கு பிரித்தபடி.

"சொன்னனீயோ தனு?" லூர்த்தம்மாதான் கேட்டாள்.

"ஓம் அக்கா. எல்லாம் சொன்னனான்."

"எழுதினவரோ?"

பதினொரு முகமும் அவளையே பார்த்தன. வேலிக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

"எழுதினவர்," என்றாள் தனுசியா.

லூர்த்தம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு குவியலில் கையை விட்டு, பெரிய றாலாகப் பார்த்துப் பொறுக்கி, தன் வெறும் பறிக்குள் போட்டுத் தனுசியாவின் கையில் கொடுத்தாள். மற்றவர்களும் தங்கள் பங்கிலிருந்து ஒவ்வொன்று எடுத்துப் போட்டார்கள். தனுசியா பறியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.