அணைத்து வைத்த மணி நேரங்கள்

எல்.இ.டி. விளக்கு சாகாது, மங்கும். இதை விளக்கிச் சொல்லிச் சொல்லியே என் முப்பதுகள் தீர்ந்துபோயின. குண்டு பல்பு ஒருநாள் 'டப்'பென்று போய்விடும், பேச்சு முடிந்தது. இது தினமும் துளித் துளியாகக் குறையும். பக்கத்திலேயே இருப்பவனுக்குத் தெரியாது. புதிதில் நூறு இருந்த வெளிச்சம் எழுபதுக்கு இறங்கினால் அதன் ஆயுசு முடிந்தது என்பது எங்கள் தொழில் கணக்கு. "எரியத்தானே தம்பி செய்யுது, பெறவு என்ன?" என்பார் முதலாளி. அவரிடம் பேசி யாராவது ஜெயிக்க முடியுமா?

அவரை எல்லாரும் அண்ணாச்சி என்போம். பட்டாசும் அச்சாபீசும் அவர் குடும்பத்துத் தொழில். இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் எல்.இ.டி.யில்தான் எதிர்காலம் என்று யாரோ அவர் காதில் ஓதிவிட்டார்கள். சிவகாசியிலிருந்து ஆனைக்குட்டம் போகும் வழியில் சும்மா கிடந்த லேபிள் குடோனை விளக்குக் கம்பெனி ஆக்கிவிட்டார். நான் விருதுநகரிலிருந்து தினமும் பஸ்ஸில் நின்றுகொண்டே போய் வந்தேன்.

விளக்கைச் சீக்கிரமாகக் கிழடாக்குவதுதான் என் வேலை. ஐந்து வருஷம் தாங்குமா என்று பார்க்க ஐந்து வருஷம் காத்திருக்க முடியாதே. ஓவனுக்குள் பதினாறு விளக்குகளை அடுக்கி, எண்பத்தைந்து டிகிரிச் சூட்டில், வழக்கத்தைவிடக் கூடுதலான கரண்ட் கொடுத்து, ஆறு வாரம் ராப்பகலாக நிறுத்தாமல் எரியவிட வேண்டும். மொத்தம் ஆயிரம் மணி நேரம். திங்கட்கிழமைதோறும் வெளியே எடுத்து, கறுப்புப் பெட்டிக்குள் வைத்து வெளிச்சத்தை அளப்பேன். அந்தக் குறைச்சலை வைத்து மொத்த ஆயுசையும் கணக்கிடுவேன். நான் சொல்லும் கதை நடந்தது மே மாதம். வெளியே சிவகாசி வெயில், உள்ளே ஓவன். எள்ளுதான் எண்ணெய்க்குக் காயுது, எலிப்புழுக்கை எதுக்குக் காயணும் என்று என்னையே திட்டிக்கொள்வேன்.

அந்த அறையைத் திறந்து, பெருக்கி, பூட்டுவதற்கு ஓர் அக்கா இருந்தார். ஊர் தாயில்பட்டிப் பக்கம். பதினொரு வருஷம் பட்டாசுக் கம்பெனியில் இருந்தவர். ஒருநாள் மத்தியானம் பக்கத்து அறை வெடித்ததில் அங்கே இருந்த நாலு பேரும் போய்விட, இவருக்கு இடது கை முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வெந்துபோனது. "மருந்து வாடை இல்லாத வேலைன்னு கேட்டு வந்தேன் சார்" என்றார் முதல் நாள். மருந்து என்றால் எங்கள் பக்கம் வெடிமருந்துதான். இந்த வேலை போனால் அவருக்கு வேறு போக்கிடம் இல்லை. மறுபடியும் மருந்துதான்.

ஆறு வாரம் முடிந்தது. பிரமாதமான முடிவு! பதினாறு விளக்கில் ஒன்றுகூட எழுபதின் பக்கம் போகவில்லை. எல்லாம் தொண்ணூறுக்கு மேல். மின்வெட்டில் சோதனை நின்றுவிடக் கூடாதென்று அண்ணாச்சியிடம் சண்டை போட்டுத் தானாக ஓடும் ஜெனரேட்டர் வேறு வாங்கி வைத்திருந்தேன். எனக்கு நானே முதுகைத் தட்டிக்கொண்டேன். ரிப்போர்ட்டை டைப் செய்து, கையெழுத்து மட்டும் போடாமல் வைத்தேன்.

அடுத்த திங்கள் என்ன நினைப்பிலோ வழக்கத்துக்கு முந்தின பஸ்ஸில் ஏறிவிட்டேன். கம்பெனி வாசலில் நான் நிற்கும்போதுதான் அக்கா வந்து பூட்டைத் திறந்தார். இன்னொரு நாலு வாரம் ஓடட்டும் என்று விளக்குகளை ஓவனிலேயே விட்டிருந்தேன். ஓவன் கதவில் கை வைத்தேன். பானைத் தண்ணீர் மாதிரி குளிர்ந்து கிடந்தது.

"ஜெனரேட்டர் காலை வாரிருச்சே!" என்று கத்தினேன்.

"அது நல்லாத்தான் இருக்கு சார். நான்ல அணைச்சேன்" என்றார் அக்கா. "தினம் போகையில அணைச்சிட்டுத்தான் போவேன். காலையில வந்ததும் போட்டுருவேன். நீங்க வரையில சூடாயிரும்."

"எதுக்குக்கா?"

"என்ன சார் இப்படிக் கேக்கீக? ஆளில்லாத ரூமுல சூட்டை விட்டுட்டு எப்படிப் போறது?"

நான் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். காலையில் கலந்த மருந்தைச் சாயங்காலத்துக்குள் தீர்த்துவிட வேண்டும், மிச்சம் வைத்துப் பூட்டக் கூடாது, வெடிக்கக்கூடிய எதையும் தனியே விடக் கூடாது என்று பதினொரு வருஷம் பழகிய உடம்பு அது. அணைக்காதே என்று நானும் வாய்விட்டுச் சொன்னதில்லை. யார் அணைப்பார்கள் என்ற நினைப்புதான். ஓவனில் மணி எண்ணும் கருவியும் கிடையாது. காலண்டரைப் பார்த்து நாட்களை எண்ணி, இருபத்து நாலால் பெருக்கியவன் நான். உண்மையில் ஓடியது முந்நூற்றுச் சொச்சம் மணி நேரம். மின்சார வாரியத்தை நம்பாமல் ஜெனரேட்டர் வாங்கிய மேதாவிக்கு, சாவி யார் கையில் இருக்கிறது என்று பார்க்கத் தெரியவில்லை.

அண்ணாச்சியிடம் போனேன். அவர் அறையில் கூரை வரை அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. எங்கள் ஊர் வழக்கம் அப்படி. சீசனுக்கு முன்னால் அச்சு மிஷின் சும்மா இருக்கும்போதே பெட்டியை அச்சடித்துவிடுவார்கள், சரக்கு பிறகு வரும். பெட்டிகளின் மேல் ஐம்பதாயிரம் மணி நேரம் என்று தங்க நிறத்தில் மின்னியது. சோதனை சரியாக நடக்கவில்லை, ஓவனைத் தினமும் அணைத்திருக்கிறார்கள் என்றேன்.

"யாரு, அந்தப் பொம்பளையா?"

நான் ரிப்போர்ட்டை மேஜைமேல் வைத்தேன்.

"இங்க பாரு தம்பி. பெட்டி அடிச்சாச்சு. நாலஞ்சு ஊருத் தெருவிளக்கு ஆர்டர் கையில இருக்கு. யாரும் எதையும் அணைக்கலன்னா நீ கையெழுத்துப் போடு. அணைச்சது நெசம்னா அவளை இன்னைக்கே அனுப்பிட்டு, முதல்ல இருந்து ஆரம்பி. எது சௌகரியம்னு சொல்லு."

கையெழுத்துப் போட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். அக்காவுக்காகத்தான் போட்டேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதி நிஜம். மீதி, எனக்கு அலுத்துவிட்டது. இன்னும் ஆறு வாரம் அந்த ஓவன் முன்னால் நிற்க உடம்பில் தெம்பு இல்லை.

கடைசியில் நிற்கத்தான் வேண்டியிருந்தது. மனசு கேட்காமல், அக்காவிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டு, அதே ரகத்தில் புதிதாகப் பதினாறு விளக்குகளை ஆயிரம் மணி நேரம் முழுசாக ஓட்டினேன். விளக்கின் மேல் வெள்ளையாக இருந்த பிசின் மூடி பழுத்துத் தேன் நிறமாகிவிட்டது. வெளிச்சம் அறுபதுக்குக் கீழே. அந்தத் தாளை மேஜை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன். சாவியை அக்காவிடம் திருப்பிக் கொடுத்தேன். ஏன் வாங்கினேன் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஒன்றரை வருஷம் போயிருக்கும். ஒருநாள் காலை அக்கா ஒயர்கூடையிலிருந்து ஒரு விளக்கை எடுத்து என் மேஜைமேல் வைத்தார். எங்கள் விளக்குதான். தேன் நிறத்துக்குப் பழுத்திருந்தது.

"எங்க தெருவுல கழட்டிப் போட்டாக சார். எரியுது, ஆனா கீழ நிக்குற ஆளு மூஞ்சி தெரியல. எங்க கம்பெனி சரக்கு, எம்புட்டோ வருசம் வரும்னு நாந்தான் தெருப்பூரா சொல்லி வச்சிருந்தேன். இப்பக் கேக்காக." விளக்கைக் கையால் புரட்டினார். "ஒண்ணு கேக்கேன், மறைக்காமச் சொல்லுங்க. அன்னைக்கு நான் அணைச்சேன்னதும் ஸ்டூல்ல உக்காந்தீகள்ல? பெட்டியில போட்ட மணியில, நான் அணைச்சு வச்ச மணியும் சேந்திருக்கா?"

பொய் சொல்லியிருக்கலாம். அதற்கும் தெம்பில்லை. எல்லாவற்றையும் சொன்னேன், இழுப்பறையில் கிடந்த தாள், அண்ணாச்சி சொன்ன இரண்டு வழி, நான் எடுத்த வழி எல்லாம். உங்களுக்காகத்தான் என்று சொல்லும்போது என் குரலே எனக்கு வெட்கமாக இருந்தது.

அவர் கோபப்பட்டிருந்தால் தேவலை. "நல்லதுன்னு நெனச்சுத்தான அணைச்சேன்" என்றார். பிறகு தழும்பிருந்த கையை முந்தானையில் மூடிக்கொண்டு சொன்னார்: "அங்கன தப்புப் பண்ணா அந்த நிமிசமே தெரிஞ்சுரும் சார். இங்கன ஒன்றரை வருசம் ஆகுது. எனக்கு இது சரிப்படாது."

வேலையை விட்டுறாதீங்கக்கா என்றேன். இரண்டு மூன்று தடவை சொன்னேன். "இருக்கட்டும் சார், நீங்க சாப்பிட்டீகளா?" என்று கேட்டுவிட்டு, அறையைப் பெருக்கப் போய்விட்டார்.

அடுத்த திங்கட்கிழமை நான் போனபோது சாவி வாட்ச்மேனிடம் இருந்தது. தாயில்பட்டியில் பட்டாசுக் கம்பெனி வேனில் ஏழு மணிக்கே அந்த அக்கா ஏறிவிட்டதாகச் சொன்னார். எந்த மருந்துக்கு அவரைத் திரும்ப அனுப்பக் கூடாதென்று கையெழுத்துப் போட்டேனோ, அந்தக் கையெழுத்தே அவரை அங்கே கொண்டுபோய் விட்டுவிட்டது. அறையைத் திறந்தேன். தரை பெருக்கியிருந்தது. போகும்போதும் ஓவனை அணைத்துவிட்டுத்தான் போயிருந்தார்.