பதினோராம் நம்பர் மலைப் புல்

காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் மேற்பார்வையாளர் கண்டாக்கையா நிர்வாகத்தின் கடிதத்தை வாசித்து முடித்தபோது எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். பாக்கியலெட்சுமி மட்டும் அவர் முகத்தைப் பார்த்தாள்.

பசறைக்கு மேலே இருக்கும் அந்தத் தோட்டத்தில் ஒரே மாதத்தில் மூன்று பசுக்கள் கால் நடுங்கி விழுந்திருந்தன. களைக்கொல்லி அடித்த தேயிலைக்குள் புல் அறுத்துப் போட்டதுதான் காரணம் என்று நிர்வாகம் முடிவு கட்டிவிட்டது. தீபாவளிக்குள் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து மாட்டுப்பட்டிகளையெல்லாம் பிரித்துவிட வேண்டுமாம்.

"மருந்து அடிச்ச எடம் எங்களுக்குத் தெரியாதாங்க? எங்க ஆம்பளைங்கதானே அடிக்கிறாங்க!" என்றாள்.

"அப்ப மாடு ஏன் வுழுது?"

"கண்டுபிடிச்சுச் சொல்றேன். அதுவரைக்கும் யாரும் பட்டியில கை வைக்கக் கூடாது."

பதினெட்டு வயதில் கொழுந்துக்கூடை கட்டியவளுக்கு இப்போது நாற்பது. புருஷன் சதீஸ்குமார் கொழும்பில் கடை வேலை. விழுந்த மூன்றில் ஒன்று அவளுடைய செவலைப் பசு.

மற்ற இரண்டு வீட்டுக்காரிகளையும் விசாரித்தாள். அவளையும் சேர்த்து மூவரும் புல் அறுத்தது பதினோராம் நம்பர் மலையில். தேயிலையைக் கைவிட்டு, இடுப்பளவு காட்டுப்புல் மண்டிய சரிவு அது. மருந்து அங்கே போய் வருஷக்கணக்காகிறது. பக்கத்து வீட்டுக் கலாராணியோடு போய்ப் பார்த்தாள். புல் கதிரைத் தொட்டதும் விரல் ஒட்டிக்கொண்டது. தேன் மாதிரி ஒரு கசிவு. விதை இருக்க வேண்டிய இடத்தில் சொரசொரப்பாக, சாம்பலும் கறுப்புமாக உருண்டைகள்.

அந்தப் புல்லை நிறுத்தினாள். ஒரு வாரத்தில் செவலையின் நடுக்கம் நின்றது. பிறகு அவள் செய்ததைக் கலாராணியால் பொறுக்க முடியவில்லை. சோதித்துப் பார்க்க, பாக்கியலெட்சுமி அதே புல்லை மறுபடி அறுத்து வந்து செவலைக்குப் போட்டாள்.

"வாயில்லாச் சீவன்க்கா, பாவம்!"

"பாவந்தான். பட்டி போனா இது எங்க போய் நிக்கும், சொல்லு?"

மூன்றாம் நாள் செவலையின் தொடை நடுங்கியது. உடனே நிறுத்திவிட்டுக் கண்டாக்கையாவைக் கூட்டிவந்து காட்டினாள். தற்செயல் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிரவு அவள் சாப்பிடவில்லை.

மறுநாள் கதிர்களைப் பையில் சுற்றிக்கொண்டு பதுளைக்கு பஸ் ஏறினாள். மிருக வைத்தியர் பையைத் திறந்து பார்த்தார்; காட்டுப்புல்லில் வளரும் பூஞ்சணங்களை ஆராயும் துஷ்யந்தியின் நம்பரைத் தந்தார். அடுத்த வாரமே துஷ்யந்தி வந்து, இரண்டு நாள் சரிவு முழுக்க ஏறி இறங்கி, பன்னிரண்டு வகைப் புல்லைச் சேகரித்தாள்.

"இந்தக் கறுப்பு உருண்டை பூஞ்சணம், பங்கசுதான்மா. ஆனா எல்லாப் பங்கசும் நஞ்சு வைக்காது. ஒரே இனம் ஓரிடத்துல நஞ்சோட இருக்கும், இன்னோர் இடத்துல சும்மா இருக்கும். சிலது புல்லுக்குள்ளேயே இருக்கும், வெளியில தெரியாது. சோதிச்சாத்தான் சொல்லலாம்."

"எவ்வளவு நாளாகும் மிஸ்?"

"மூணு மாசம்."

தீபாவளிக்கு ஆறு வாரந்தான் இருந்தது.

தவணை முடிந்த மறுநாள் கண்டாக்கையா பட்டியைப் பெயர்க்க அலவாங்குக் கடப்பாரைகளோடு நாலு ஆட்களைக் கூட்டி வந்தார். பாக்கியலெட்சுமி பட்டி வாசலில் குறுக்கே நின்றாள்.

"ஆராய்ச்சி முடிவு வரட்டும். அதுக்கு முன்னாடி பிரிக்கிறதா இருந்தா, மொதல்ல என்னையப் பிரிச்சுப் போடுங்க."

கலாராணி வந்து பக்கத்தில் நின்றாள். பிறகு லயமே வந்தது. அலவாங்கு பிடித்த நாலு பேரும் அந்த லயத்துக்காரர்கள்தான். ஒருவன் அலவாங்கைக் கீழே போட்டான். கண்டாக்கையா திரும்பிப் போனார்.

மார்கழியில் அறிக்கை வந்தது. சரிவில் ஒன்பது வகைப் பங்கசு இருந்தது, இரண்டில்தான் நஞ்சு. ஒன்று அந்தக் கறுப்பு உருண்டை. மற்றது, சுத்தமாகத் தெரிந்த ஒரு புல்லின் தண்டுக்குள். களைக்கொல்லியின் சுவடு எதிலும் இல்லை.

பாக்கியலெட்சுமி அறிக்கையோடு தோட்ட நிர்வாகியான தொரையின் ஆபீசுக்குப் போனாள். அவர் இரண்டு தரம் வாசித்தார்.

"சரி, உத்தரவை ஒத்திவைக்கிறேன்."

"ஒத்திவைக்க வேணாங்க தொரை. ரத்துன்னு எழுதிக் குடுங்க. எங்க மேல போட்ட பழி தப்புன்னும் எழுதுங்க."

ரத்து என்று எழுதினார். பழியைப் பற்றி எழுதவில்லை. அதையும் கேட்டு அரை மணி நேரம் நின்றாள். அவர் போனை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

கொழுந்து பறிக்கும் மலைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பத்து.

"ஏன் லேட்டு?" என்றார் கண்டாக்கையா.

"நாளைக்குப் பெரட்டுல வாசிக்கிறதுக்குக் கடிதம் வாங்கப் போனேங்க" என்று தாளை அவர் கையில் கொடுத்துவிட்டு, கூடையை மாட்டிக்கொண்டு தேயிலை நிரைக்குள் இறங்கினாள்.