ரைட்டர் கம்ப்யூட்டருக்கு எழுதிய மனு

கிறிஸ்துதாஸ் ரைட்டர் கையில் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்தால், இடது ஓரத்தில் ‘அனுப்புநர்’ என்று எழுதிவிட்டுத்தான் விஷயம் என்னவென்று கேட்பார். கொட்டச்சேடு பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் முப்பத்தோரு வருடம் ரைட்டர் உத்தியோகம். யார் வேலைக்கு வந்தார்கள், யார் மட்டம் போட்டார்கள், எத்தனை கூடை பழம் பறித்தார்கள் என்று எழுதி எழுதியே மூக்குக் கண்ணாடி தடித்துப் போயிருந்தது. ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்கவில்லை. ரேஷன் கார்டு, பட்டா, முதியோர் உதவி என்று மலைக் கிராமத்து ஜனங்களுக்கு மனு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

நான் அற்புதம். 1999-ல் ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். சென்டர் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு எஸ்டிடி போன், இரண்டு கம்ப்யூட்டர். சேலத்தில் மூன்று மாதம் படித்து வாங்கிய சர்டிபிகேட்டை வைத்து எனக்கு எல்லாம் தெரியும் என்று ஊர் நம்பியது. நானும் மறுக்கவில்லை. டூரிஸ்டுகளுக்கு ஈமெயில் திறந்து கொடுப்பதைத் தவிர எனக்கு ஒரு மண்ணும் தெரியாது என்பது எனக்கு மட்டும் தெரிந்த விஷயம்.

ஆடி மாதம் ஒரு புதன்கிழமை, ரைட்டர் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். பெயர் கண்ணாயி, செம்மநத்தம். சாமையும் ராகியும் விதைக்கிற குடும்பம். ஒரே மகன் ஐயாக்கண்ணு. ஏற்காட்டில் ஓட்டல் சமையல்கட்டில் வேலை பார்த்தவன், சேலத்து ஆள் ஒருவர் மூலமாக மஸ்கட் போய்விட்டான். வந்து சேர்ந்தேன் என்று ஓட்டலுக்கு ஒரு போன் பண்ணியதோடு சரி. எட்டு மாதமாகத் தகவல் இல்லை.

“அற்புதம், உலகத்துல யாரு எங்க இருந்தாலும் இதுல தேடிப் புடிச்சிரலாமாமே, நெசந்தானா?” என்று கேட்டார் ரைட்டர்.

“தேடலாங்கய்யா” என்றேன். கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கண்ணாயியின் முகத்தைப் பார்த்தபோது அப்படித்தான் அவள் எடுத்துக்கொண்டாள் என்று தெரிந்தது.

தேடும் பக்கத்தைத் திறந்து வைத்தேன். ரைட்டர் அந்தச் சின்னக் கட்டத்தைப் பார்த்து முகம் சுளித்தார். “இத்துனூண்டு எடத்துல மனுவை எப்படி எழுதறது?” என்றார். எஸ்டேட் ஆபீஸில் டைப் அடித்த கை, பேயாய் ஓடியது. மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு, செம்மநத்தம் கிராமத்தைச் சேர்ந்த கண்ணாயி மிகுந்த பணிவுடன் எழுதிக்கொள்வது என்னவென்றால் என்று, சுத்தமான ஆங்கிலத்தில், முழு மனுவையும் அந்தக் கட்டத்துக்குள் திணித்துவிட்டார். கடைசியில் ‘தங்கள் உண்மையுள்ள’ வரைக்கும் போட்டார். தடுத்திருக்கலாம். எனக்கும் அப்போது முறை இதுதான், இதுவல்ல என்று உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை.

பட்டனை அழுத்தினேன். போன் லைனில் பக்கம் ஊர்ந்து வந்தது. ஒரு லட்சத்து எண்பத்து மூவாயிரம் முடிவுகள்.

ரைட்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். “கலெக்டருக்கு எழுதினா ஆறு மாசத்துக்கு ஒரு பதில் வராது. இவங்க என்னடான்னா...”

“ஏனுங்க, இத்தனை பேரா எம் பையனைப் பாத்திருக்காங்க?” என்றாள் கண்ணாயி.

முதல் பதிலைத் திறந்தோம். ஏதோ ஒரு காலேஜில் லீவு லெட்டர் எழுதுவது எப்படி என்று இருந்தது. இரண்டாவது, அமெரிக்காவில் ஒரு சர்ச்சின் ஜெப வேண்டுகோள்கள். மூன்றாவதில் ஒரு குட்டி நாயின் படம் மெல்ல மெல்ல இறங்கியது. யாரோ தொலைத்துவிட்டுத் தேடுகிறார்களாம். கண்ணாயி நாயையும் ரைட்டரையும் மாறி மாறிப் பார்த்தாள். “நாய் எதுக்குங்க?” என்று கேட்டாள். மனு எழுதிய ரைட்டர் என்னைப் பார்த்தார். நான் போன் ஒயரைச் சரிசெய்வது போல் குனிந்துகொண்டேன்.

“பேரை மட்டும் போட்டுப் பாக்கலாங்கய்யா” என்று பிறகு சொன்னேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. முன்னும் பின்னும் ஒரு மரியாதையும் இல்லாமல் வெறும் பெயரைப் போட்டால் பார்க்கிறவர் என்ன நினைப்பார் என்றார். பார்க்கிறவர் என்று யாரும் கிடையாது என்றேன். அப்படியானால் பதில் போட்டது யார் என்றார். நான் கீபோர்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். ஐயாக்கண்ணு என்று மட்டும் நானே ஆங்கிலத்தில் அடித்தேன். ஒரு முடிவும் இல்லை என்று வந்தது.

“பாத்தியா? பணிவா எழுதினப்ப லட்சம் பேரு பதில் சொன்னாங்க. மொட்டையா பேரைப் போட்டே, ஒருத்தன் திரும்பிப் பாக்கல” என்றார். அவர் சொன்னது தப்பு என்று எனக்குத் தெரியும். எங்கே தப்பு என்றுதான் சொல்லத் தெரியவில்லை.

அடுத்த புதன்கிழமை அவருக்கு வெப் டைரக்டரியைக் காட்டினேன். உலகத்திலுள்ள வெப்சைட்டுகளைத் தலைப்பு வாரியாகப் பிரித்து, தலைப்புக்குள் தலைப்பு, அதற்குள் இன்னொன்று என்று அடுக்கி வைத்திருக்கும் பக்கம் அது. ரைட்டருக்கு முகம் மலர்ந்துவிட்டது. “இப்படி இருந்தாத்தான ஆபீசு! எந்த செக்ஷன்னு தெரிஞ்சா மேல போயிரலாம்” என்றார்.

எந்த செக்ஷன் என்பதில்தான் சிக்கல். தொலைந்த மகன் எந்தத் தலைப்பின் கீழ் வருவான்? குடும்பம் என்ற கதவைத் திறந்து உள்ளே உள்ளே போனோம்; பிள்ளைக்குப் பெயர் வைப்பதில் போய் முடிந்தது. ஓட்டல் வேலைதானே என்று உணவுக்குள் நுழைந்தோம்; கோழி வறுக்கும் முறை வந்தது. வேலை என்ற தலைப்பில் ஆள் தேவை என்றார்களே தவிர, போன ஆள் எங்கே என்று ஒருவரும் சொல்லவில்லை. நடுவில் மூன்று தடவை லைன் அறுந்தது. அறுந்த ஒவ்வொரு தடவையும் ரைட்டர் வாசலிலிருந்து தொடங்க வேண்டும் என்பார். பாதியிலிருந்து போனால் அது முறையாகாதாம். எனக்குத் தலை கிறுகிறுத்தது.

மூன்றாவது வாரம், நாடுகள் வழியாக இறங்கி, பண்பாடு என்ற கதவைத் திறந்தபோது ஒரு பக்கம் அகப்பட்டது. மஸ்கட் பக்கம் இருக்கிற தமிழர்கள் சிலர் சேர்ந்து நடத்துவது. பொங்கல் படங்கள், பட்டிமன்றப் படங்கள், அடியில் ஒரு வருகைப் பதிவேடு. வந்து பார்த்தவர்கள் ‘நன்றாக உள்ளது’ என்று இரண்டு வார்த்தை எழுதிவிட்டுப் போகிற இடம். ரைட்டர் அதில் நாற்பது வரி மனுவை அடித்துப் போட்டார்.

அதன்பின் காத்திருப்புதான். புதன்கிழமை தவறாமல் கண்ணாயி வருவாள். ஸ்டூலில் உட்கார்ந்து கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருப்பாள். “வந்துச்சா கண்ணு?” என்பாள். இல்லை என்பேன். சரி என்று எழுந்து போவாள். ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால்கூட எனக்கு மனசு ஆறியிருக்கும். மழை பெய்கிற புதன்கிழமைகளில், இன்றைக்கு அவள் வரமாட்டாள் என்று நான் சந்தோஷப்பட்டதுண்டு. அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

இரண்டு மாதம் கழித்துப் புரட்டாசியில் ஒருநாள், இருவரும் உட்கார்ந்திருக்கும்போதே, வேறு வேலையில்லாமல் பழையபடி ஐயாக்கண்ணு என்று அடித்தேன். ஒரு முடிவு.

“வந்திருச்சு!” என்று கத்திவிட்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். கண்ணாயி ஸ்டூலைத் தள்ளிவிட்டு ஓடி வந்து கம்ப்யூட்டரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. “எம் பையன், எம் பையன்” என்று எங்கள் இருவரிடமும் சொன்னாள். பக்கம் மேலிருந்து இறங்கியது. மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு என்று தொடங்கியது.

“என்ன எழுதியிருக்கான்? படிங்க ரைட்டருங்க.”

ரைட்டர் கடைசி வரி வரைக்கும் பக்கத்தை இறக்கிப் பார்த்தார். “அவன் எழுதலம்மா. இது நான் எழுதின மனு” என்றார்.

“நீங்க எழுதினதை நீங்களே எதுக்குங்க தேடினீங்க?”

நியாயமான கேள்வி. நான் எனக்குப் புரிந்த அளவில் சொன்னேன். இது எங்கெங்கோ எழுதி வைத்திருப்பதையெல்லாம் பொறுக்கிக்கொண்டு வந்து காட்டுகிற யந்திரம், ஐயாக்கண்ணு பெயர் வருகைப் பதிவேட்டில் ரைட்டர் எழுதிய அந்த மனுவில் மட்டும்தான் இருக்கிறது போல, அதைத்தான் கொண்டுவந்து வைத்திருக்கிறது என்றேன். கண்ணாயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“அப்ப அவன் எங்க இருக்கான்னு இதுக்குத் தெரியாது. நாம தேடறோம்னு மட்டுந்தான் தெரியும். அப்படிங்களா?”

“ஆமாங்கக்கா.”

“அவன் இதுல அவம் பேரைப் போட்டுப் பாத்தா?”

“இதேதான் வரும்.”

அப்படியானால் அதில் என்ன இருக்கிறது என்று படிக்கச் சொன்னாள். ரைட்டர் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். வறுமையின் கொடுமை தாளாமல் வெளிநாடு சென்ற என் ஒரே மகன் என்ற இடத்தில் அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

“வறுமையில போகலைங்க. எம் பொறந்தவன் புள்ளைய அவனுக்குப் பேசி, அவனைக் கேக்காமயே வெத்தல பாக்கு மாத்திட்டேன். வேண்டாம்னு நொம்ப மல்லுக்கட்டினான். அப்படின்னா ஊட்டை உட்டுப் போடான்னேன். போயிட்டான்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டு மாதமாகத் தொலைந்தவனைத் தேடுகிறோம் என்று நினைத்திருந்தேன்.

“இதை ஏம்மா மொதல்லயே சொல்லல?” என்றார் ரைட்டர்.

“நீங்க பேரு, ஊரு, அப்பன் பேருதானுங்களே கேட்டீங்க. மனுவுல இதையெல்லாமா சொல்லுவாங்க?”

ரைட்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

“இப்ப எழுதுங்க. அந்தப் புள்ளைக்கு ஆவணியில வேற எடத்துல கண்ணாலம் ஆயிப்போச்சு, இனி பயப்படாம வரலாம்னு எழுதுங்க.”

பதிவேட்டில் புதிய கட்டத்தைத் திறந்து கொடுத்தேன். ரைட்டர் அடித்தார்.

“தப்பு எம் பேர்லதான்னும் எழுதுங்க.”

அவர் கை நின்றுவிட்டது. எத்தனையோ ஆயிரம் மனு எழுதிய மனிதர். ஒன்றிலும் மனுதாரர் பேரில் தப்பு இருந்ததில்லை. தப்பு கிராம அதிகாரியுடையதாக இருக்கும், மழையுடையதாக இருக்கும், காட்டுப்பன்றியுடையதாக இருக்கும். ‘மேற்படி தவறுக்கு வருந்துகிறேன்’ என்று ஆங்கிலத்தில் அடித்தார், அழித்தார். வேறு மாதிரி அடித்தார், அதையும் அழித்தார். திணறிப்போய் என்னைப் பார்த்தார். எனக்கு மட்டும் என்ன தெரியும்?

“எனக்கு வரல கண்ணாயி. அவங்கிட்ட நீ எப்படிச் சொல்லுவியோ அப்படியே சொல்லு” என்றார்.

அவள் கம்ப்யூட்டருக்கு நேராகக் குனிந்து, ஆளிடம் பேசுவதுபோல் சொன்னாள்: “ஐயாக்கண்ணு, நான் ஒன்னைக் கேட்டிருக்கோணும் சாமி.”

ரைட்டர் அதைத் தமிழாகவே, இங்கிலீஷ் எழுத்தில் அடித்தார். தன் பங்குக்கு ஒரு வார்த்தைகூடச் சேர்க்கவில்லை.